நன்றி வட்டமும் பன்னீர்ச் செம்பும்

ஜூலை 8, திங்கள்

இன்றைக்குப் பிரேயரில் எங்களைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள், அரிசியிலிருந்து கல்லை எடுப்பதுபோல. எமில்டா மிஸ் எங்கள் பி.டி. டீச்சர். கழுத்தில் விசிலோடு வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "நீ வா. நீ வா. ஏ, பின்னால ஒளியாத, நீயும் வா" என்று முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். பதினொன்றாம் வகுப்பிலிருந்து முதலில் இழுக்கப்பட்டவள் நான்தான். எனக்கு அடுத்து நின்றவளும் தனக்கும் அழைப்பு என்று நினைத்து ஓர் அடி வைத்தாள். மிஸ் அவளை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, "நீ மாநிறம். உள்ள போ" என்றார். பரீட்சையில் பாஸானவள் மாதிரி அவள் முகம் மலர்ந்தது.

விஷயம் இதுதான். போன மாதம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை எல்லாரும் சேர்ந்து "கரிச்சட்டி" என்று கூப்பிட்டு, அவள் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவளுடைய அப்பா ஹெச்.எம். அறையில் போட்ட சத்தம் சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது. உடனே சென்னையிலிருந்து நிவேதிதா என்றொரு மேடத்தை வரவழைத்துவிட்டார்கள். கறுப்பாக இருக்கும் பெண்பிள்ளைகளுக்காக "நன்றி வட்டம்". திங்களும் வியாழனும் கடைசி பீரியட். வட்டமாக உட்கார்ந்து நன்றி சொன்னால் மனசு லேசாகுமாம், தன்னம்பிக்கை வருமாம், ஒருவருக்கொருவர் துணையாக இருப்போமாம். கரிச்சட்டி என்று கூப்பிட்டவர்களுக்கு எந்த வட்டமும் கிடையாது. அவர்கள் அந்த நேரத்தில் த்ரோபால் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ஆளுக்கு ஒரு டைரி கொடுத்தார்கள். அட்டையில் சூரியகாந்திப் பூ சிரிக்கிறது. தினமும் மூன்று நன்றி எழுத வேண்டுமாம். எழுதிவிட்டால் போகிறது. எமில்டா மிஸ்ஸின் கூர்மையான கண்ணுக்கு நன்றி. மாநிறத்துக்கு நன்றி. இந்த டைரியை யாரும் வாங்கிப் படிக்க மாட்டோம் என்று மேடம் சத்தியம் செய்ததற்கு நன்றி. அதனால்தான் இதையெல்லாம் எழுத முடிகிறது.

ஜூலை 11, வியாழன்

இன்று வட்டத்தில் ஒரு கைக்கண்ணாடியைச் சுற்றுக்கு விட்டார் மேடம். "அதுல உங்க முகத்தைப் பாருங்க பொண்ணுங்களா. பார்த்து, உங்க நிறத்துக்கு நன்றி சொல்லுங்க." குரலில் தேன் ஒழுகியது. மேடம் உரித்த பூண்டு மாதிரி வெள்ளை.

ஆறாம் வகுப்புச் சின்னது ஒன்று கண்ணாடியைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டது. "அழு, அழு, நல்லது" என்றார் மேடம். சீ. அதில் என்ன நல்லதைக் கண்டாரோ.

கண்ணாடி வேல்மயிலிடம் வந்தது. ஹாஸ்டலில் எனக்குப் பக்கத்துக் கட்டில்காரி. எங்கள் எல்லாரையும்விடக் கறுப்பு, உயரமும் அதிகம், சிரித்தால் ஜன்னல் கம்பி அதிரும். கண்ணாடியில் ஈயென்று பல்லைக் காட்டிப் பார்த்தவள், "பல்லுல கீரை இருக்கு மேடம். காட்டிக் குடுத்த கண்ணாடிக்கு நன்றி" என்றாள். அழுத சின்னது உட்பட எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இவளுக்கு எல்லாமே விளையாட்டு.

என்னிடம் வந்தபோது நான் பார்க்காமலேயே அடுத்தவளிடம் தள்ளிவிட்டேன். வெயில் பட்டுக் கண் கூசியது, அவ்வளவுதான்.

ஜூலை 14, ஞாயிறு

அம்மா சேரன்மகாதேவியிலிருந்து வந்திருந்தாள். முறுக்கு, எள்ளுருண்டை, இரண்டு புது உள்பாவாடை. அக்காவுக்குச் செப்டம்பர் எட்டாம் தேதி முகூர்த்தம் குறித்தாகிவிட்டதாம். மண்டபத்துக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டார்களாம். மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றியே பேசினாள்.

"அவ்வொ வீட்டுல எல்லாரும் நல்ல செவப்புட்டி. மாப்பிள்ளையோட பெரியம்மா நிச்சயத்தன்னைக்கு, கடைசிப் பொண்ணு ஒண்ணு உண்டுன்னு சொன்னிய, காணுமேன்னு கேட்டாவ."

நிச்சயதார்த்தத்தன்று நான் அடுக்களையில் இருந்தேன். வடைக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா? ஃபோட்டோ எடுத்தபோதும் அங்கேதான் இருந்தேன். யாரும் என்னை இருக்கச் சொல்லவில்லை. நானாகத்தான் இருந்தேன்.

கிளம்பும்போது பையின் அடியிலிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன டியூப்பை எடுத்து என் கையில் வைத்து மூடினாள். "ஃபேன்சி ஸ்டோர்ல எல்லாப் பிள்ளையளும் இதத்தான் வாங்குதாவளாம். படுக்கப் போகையில தடவிக்கோ. கல்யாணத்துக்குள்ள கொஞ்சம் தெளிஞ்சிருவ."

நான் அதை வாங்கி டிரங்குப் பெட்டியில் போட்டேன். இந்த வெயிலுக்கு வியர்க்குரு வருகிறது. அதற்குத் தடவலாம்.

ஜூலை 15, திங்கள்

ஒன்றும் தெரியவில்லை. ஒரே நாளில் என்ன தெரியும்.

ஜூலை 22, திங்கள்

மெஸ்ஸில் சாம்பாரில் புழு. வார்டனிடம் காட்டினால், "அது கத்திரிக்கா விதை" என்றார். விதைக்கு எங்கேயாவது கால் இருக்குமா?

பிறகு அதே வார்டன் என் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "ஏ பேச்சி, நல்லாத் தெளிஞ்சிட்டியே! என்ன போடுத?" என்றார். சாம்பார் வாளியைத் தொட்ட கையோடு. அருவருப்பாக இருந்தது. குளத்துத் தண்ணீரை நிறுத்திவிட்டு ஆற்றுத் தண்ணீர் விடுகிறார்கள், அதனால் இருக்கும் என்றேன்.

மத்தியானம் கணக்கு மிஸ்ஸும் அதையே சொன்னார். சாயங்காலம் கேன்டீன் அக்காவும். இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூலை 25, வியாழன்

மேடம் இன்று, பக்கத்தில் இருப்பவள் கண்ணைப் பார்த்து "நன்றி" என்று சொல்லச் சொன்னார். காரணத்தோடு சொல்ல வேண்டுமாம். ஒருத்திக்கும் வாய் வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை நான் மைக்கில் மட்டும்தான் கேட்டிருக்கிறேன், கூட்டத்தின் கடைசியில் "நன்றி, வணக்கம்" என்று. அம்மாவிடம் போய் சோறு போட்டதற்கு நன்றி என்றால் கோட்டி பிடித்துவிட்டதா என்று கேட்பாள்.

வேல்மயில் எழுந்து, "மேடம், வாயால சொன்னா கூச்சமா இருக்கு. குடுத்துச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். மேடத்துக்குப் புரியவில்லை. வேல்மயில் தன் பையிலிருந்து கடித்த கொய்யாக்காயை எடுத்து, கடிக்காத பக்கம் வெளியே தெரியும்படி வைத்து, இரண்டு கையாலும் அந்த ஆறாம் வகுப்புச் சின்னதிடம் நீட்டினாள். "நேத்து என் பாவாடைல கறை பட்டிருந்ததை யாருக்கும் கேக்காம வந்து காதுல சொன்னல்லா, அதுக்கு."

பெரியவர்களுக்குக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும். அந்தச் சின்னது சட்டென்று எழுந்து, அதுவும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது.

அதற்குப் பிறகு எல்லாருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. ஊக்கு, ஸ்லைடு, பாதி ரப்பர், ஒரு மிளகாய் மிட்டாய், கையில் எது இருந்ததோ அது. எனக்கும் ஒரு ஊக்கு வந்தது, வேல்மயிலிடமிருந்து. தினமும் அவள் கொசுவலையை நான் கட்டிவிடுகிறேனாம். என் தலையில் விழுகிறதே என்றுதான் கட்டுகிறேன். துருப்பிடித்த ஊக்கு. இதை யார் குத்துவார்கள்?

குத்தியிருக்கிறேன். வேறு ஊக்கு கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

இன்று நடந்ததைப்போல ஓர் அசிங்கத்தை நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூட வாசலில் ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். "கறுப்பே அழகு! எங்கள் நன்றி வட்டத்தின் நம்பிக்கை முகங்கள்!" என்று கொட்டை எழுத்து. கீழே எங்கள் குரூப் ஃபோட்டோ. அதில் ஒருத்திகூடக் கறுப்பாக இல்லை. பிரிண்ட் போட்ட ஸ்டுடியோக்காரர் வழக்கமாகக் கல்யாண ஆல்பத்துக்குச் செய்வதை எங்களுக்கும் செய்துவிட்டார். எல்லாரும் கோலமாவில் விழுந்து எழுந்த மாதிரி நிற்கிறோம். உதட்டில் ரோஸ் வேறு. வேல்மயில் எது என்று அவளுடைய உயரத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிகிறது.

மேடம் பக்கத்தில் போய் ஃபிளெக்ஸில் எங்களை ஒவ்வொருத்தியாகத் தேடினார். ஹெச்.எம். "நல்லா பளிச்சுன்னு வந்திருக்குல்லா?" என்று கேட்டார். அவருக்கு உண்மையாகவே அது சந்தோஷம்.

வேல்மயில் ஃபிளெக்ஸுக்கு முன்னால் நின்று கும்பிட்டு, "யம்மா, நீங்கல்லாம் யாரு தாயி? எந்த ஊரு?" என்று கேட்டாள். வட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும்தான். சிரித்தபோது கன்னம் இரண்டும் தீயை வைத்த மாதிரி எரிந்தது.

வெயில். ஆகஸ்டிலும் இப்படியா அடிக்கும்.

ஆகஸ்ட் 5, திங்கள்

வட்டத்துக்குப் போகவில்லை. வகுப்புக்கும் போகவில்லை. வயிற்றுவலி என்று வார்டனிடம் சொல்லிவிட்டுச் சால்வையால் முகத்தை மூடிப் படுத்துக்கொண்டேன். கன்னத்தில் தோல் வெங்காயச் சருகுபோல உரிகிறது. உள்ளே சிவப்பு, அதில் பொடிப்பொடியாகக் கொப்புளம். தாடையில் பூனைமயிர் முளைத்திருக்கிறது. தண்ணீர் பட்டாலும் எரிகிறது. கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தேன். என் முகத்தைப் பார்த்து எனக்கே ஓங்கரித்தது.

டியூப் தீர்ந்துவிட்டது. இன்னொன்று வாங்கி அனுப்பு என்று அம்மாவுக்குப் போன வாரமே சொல்லியிருந்தேன், இன்னும் வரவில்லை. போடாத நாளில்தான் எரிச்சல் அதிகம்.

சாயங்காலம் வேல்மயில் வந்து சால்வையை இழுத்தாள். நான் விடவில்லை. அவள் விடாமல் இழுத்து, பார்த்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்தாள். சிரிப்பைக் காணோம்.

"எந்த டியூப்பு? மஞ்சளா?"

"வியர்க்குரு மருந்து."

"ஏட்டி, என்கிட்டயுமா? எங்க அக்கா போட்டது அது. இன்னைக்கு வரைக்கும் அவ வெயில்ல எறங்க முடியாது. கடைக்குப் போனாலும் கொடை பிடிச்சுத்தான் போவா."

போய்விடு என்று கத்தினேன். அவள் போகவில்லை. தட்டில் சோறு வாங்கிவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். எனக்கு இப்படிப் பரிதாபப்படுகிறவர்களைக் கண்டாலே ஆகாது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

சோறு சாப்பிட்டேன். மோர்ச்சோறு. வாயைத் திறக்கத் திறக்க வலித்தது.

ஆகஸ்ட் 8, வியாழன்

வேல்மயில் என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வட்டத்துக்குப் போய்விட்டாள். சால்வையை எடு என்றாள். மாட்டேன் என்றேன். மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேல்மயில், "மேடம், இன்னைக்கு நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள். மேடம் நிஜமாகவே சும்மா இருந்தார். அதற்காக அவருக்கு ஒரு நன்றி.

எடுத்தேன். யாராவது "ஐயோ" என்றிருந்தால் எழுந்து ஓடியிருப்பேன். ஒருத்தியும் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்பு மும்தாஜ் மட்டும் மெதுவாக, "எனக்கு நெத்தியில இப்பதான் ஆரம்பிக்கிக்கா" என்று முன்முடியை ஒதுக்கிக் காட்டினாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள், தன்னிடமும் ஒன்று இருக்கிறது, அத்தை கொடுத்தது என்றாள். இன்னொருத்தி இன்னும் திறக்கவில்லையாம். வட்டத்தில் பாதிப் பேர் பெட்டியில் அதே மஞ்சள் டியூப். கொடுத்தது யார் என்றால் அம்மா, சித்தி, அத்தை, அக்கா. எதிரி ஒருத்தரும் இல்லை. எல்லாரும் பாசமாகக் கொடுத்தவர்கள். நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரமாக வந்தது.

பிறகு கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒருத்தி தன் குடை. ஒருத்தி துவைத்து மடித்த வெள்ளைத் துணி. அந்த ஆறாம் வகுப்புச் சின்னது தன் டிஃபன் டப்பாவில் மிச்சம் வைத்திருந்த தயிரை, முகத்தில் வைத்தால் குளிருமாம் என்று இரண்டு கையாலும் நீட்டியது. அதில் ஒரு கறிவேப்பிலை மிதந்தது.

"எதுக்குட்டி இதெல்லாம்? நான் என்ன செஞ்சேன் உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"நீ முதல்ல காட்டுனல்லாக்கா, அதுக்கு" என்றாள் மும்தாஜ்.

நான் அழவில்லை. உப்புத் தண்ணீர் பட்டால் எரியும் என்பது எனக்குத் தெரியாதா. எரிந்தது.

ஆகஸ்ட் 10, சனி

பெரியாஸ்பத்திரிக்கு மேடம்தான் கூட்டிப்போனார். மும்தாஜும் வேல்மயிலும் கூட வந்தார்கள். தோல் டாக்டர் அம்மா வெளிச்சம் போட்டுப் பார்த்துவிட்டு, இந்த மாதிரி கிரீமில் கலக்கும் மருந்து தோலை மெலிய வைத்துவிடும், நிறுத்தினால் முதலில் கூடுதலாகக் காந்தும், பயந்துபோய்த் திரும்பப் போட்டால் பிறகு மீளவே முடியாது என்றார். எத்தனை நாள் போட்டாய் என்று கேட்டார். ரெண்டு மூணு நாள் என்றேன். வேல்மயில் என் காலை மிதித்தாள். மூணு வாரம் என்றேன்.

சரியாக மாதக்கணக்கில் ஆகும். அக்கா கல்யாணத்துக்குள் ஆகாது.

திரும்பி வரும்போது மேடம் எல்லாருக்கும் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். "அந்தக் கண்ணாடியை நான் கொண்டுவந்திருக்கக் கூடாது" என்றார், யாரையும் பார்க்காமல். வேல்மயில் தன் டம்ளரில் பாதியை அவர் டம்ளரில் ஊற்றினாள். ஒரு கையில் குடை இருந்ததால் ஒரு கையால்தான் ஊற்ற முடிந்தது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

அம்மா போன வாரம் வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டியூப்பைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இன்று போனில் பேசினாள். மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கப் பக்கத்து வீட்டு ஹர்ஷினியைச் சொல்லியிருக்கிறாளாம். எங்கள் பக்கம் எந்தக் கல்யாணமாக இருந்தாலும் வாசலில் ஒரு மேஜை போட்டு, சந்தனம், கல்கண்டு, ரோஜாப்பூ, பன்னீர்ச் செம்பு வைத்து, பட்டுப்பாவாடையில் பெண்பிள்ளைகளை நிறுத்துவார்கள். பொதுவாகப் பெண்ணின் தங்கச்சிதான் நிற்பாள். தங்கச்சி சிவப்பாக இருந்தால்.

"மொகம் இப்பிடி இருக்கையில எப்பிடிட்டி உன்னைய நிப்பாட்ட? கூட்டத்துல நாலு பேரு நாலு சொல்லுவாவ. ஒனக்குத்தான் சங்கடம்."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. எனக்கே பிடிக்காது அது" என்றேன்.

முகம் நன்றாக இருந்திருந்தாலும் ஹர்ஷினிதான் நின்றிருப்பாள். அது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். வேல்மயிலிடம் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் என் கொசுவலையைக் கட்டினாள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

கல்யாணம் முடிந்தது. வீடு முழுக்கப் பாத்திரம். கால் வலிக்கிறது. எழுதாமல் படுக்க முடியவில்லை.

காலையிலிருந்து நான் மண்டபத்துச் சாமான் அறையில் தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருந்தேன். நானே கேட்டு வாங்கிய வேலை. தேங்காய், வெற்றிலை, பாக்கு, ஒரு சாக்லேட். தேங்காய் அழுகல் இருக்கிறதா என்று முகர்ந்து முகர்ந்து போட வேண்டும். பாதி நாறியது. மேளச் சத்தம் கதவு வழியாகக் கேட்டது. மாப்பிள்ளை அழைப்பு முடிந்து எல்லாரும் வந்துகொண்டிருந்தார்கள்.

திடீரென்று வாசலில் சலசலப்பு. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். எங்கள் வட்டம். ஒப்புக்குத்தான் கூப்பிட்டிருந்தேன்; அத்தனை பேரும் யூனிஃபார்ம் இல்லாமல், கிடைத்த பட்டிலும் பாலியஸ்டரிலும், டவுன் பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள். துணைக்கு ஒரு டீச்சர் போனால்தான் அனுப்புவேன் என்று வார்டன் சொன்னாராம், அதனால் எமில்டா மிஸ். பட்டுப்புடவைக்கு மேல் விசில் இல்லை, ஆனால் பழைய பழக்கத்தில், "வரிசையா நில்லுங்க, வரிசையா!" என்று வாசலை அடைத்து அவர்களை நிறுத்திவிட்டார். ஹர்ஷினி பாவம், பன்னீர்ச் செம்பைத் தூக்கினாள்.

வேல்மயில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "நீ நல்லா இரும்மா. ஆனா நாங்க பேச்சி கூப்பிட்டு வந்திருக்கோம். அவ தெளிச்சாத்தான் உள்ள வருவோம்."

"ஏ வேல்மயில், வம்பு பண்ணாத. உள்ள போ" என்றார் எமில்டா மிஸ்.

"வரிசைல நிக்கச் சொன்னது நீங்கதான மிஸ். பேச்சி வராம வரிசை நகராது."

பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா வெயிலில் துண்டால் விசிறிக்கொண்டு, "என்ன விசேஷம், யாரும்மா பேச்சி?" என்று கேட்டார். ஆறாம் வகுப்புச் சின்னது உரக்கச் சொன்னது: "பொண்ணோட தங்கச்சி!" மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கும்.

நான் ஜன்னலை விட்டு இறங்கித் தேங்காய் மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். கன்னம் காந்தியது. எல்லாரையும் கொல்ல வேண்டும்போல இருந்தது. வேல்மயிலைத்தான் முதலில்.

கதவு திறந்தது. அம்மா. கையில் பன்னீர்ச் செம்பு. வியர்வையில் குங்குமம் மூக்குவரை வழிந்திருந்தது. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்தாள். நிச்சயத்தன்றும் பார்க்கவில்லை, போன மாதமும் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டாள். இன்று நேராக, கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அக்கா மேடைக்கு வர மாட்டேங்கா. தங்கச்சி வாசல்ல நின்னாத்தான் வருவாளாம்." பிறகு, "வாட்டி" என்றாள். செம்பை நீட்டினாள்.

இரண்டு கையாலும் நீட்டினாள்.

அம்மாவுக்கு எங்கள் வட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. செம்பு நிரம்பியிருந்ததால்கூட அப்படிப் பிடித்திருக்கலாம். ஆனால் பெற்ற பிள்ளைக்கு யாரும் அப்படிக் கொடுப்பதில்லை.

போனேன். பழைய பாவாடை, கையில் தேங்காய் நாற்றம், முகத்தில் திட்டுத் திட்டாகச் சிவப்பு. மேஜைக்குப் பின்னால் நின்றேன். நாலு பேர் பார்த்தார்கள். நாலு சொல்லும் சொல்லியிருப்பார்கள், என் காதில் விழவில்லை. ஹர்ஷினி, "அப்பாடா, எனக்குக் காலு கடுக்குக்கா" என்று சந்தனக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றுகொண்டாள். எமில்டா மிஸ்ஸுக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெளித்தேன், கண்ணில் பட்டிருக்கும். வேல்மயிலுக்குச் செம்பைத் திறந்து தலையிலேயே ஊற்றலாம் என்றுதான் நினைத்தேன். அவள் முகத்தைக் காட்டிக்கொண்டு ஜன்னல் கம்பி அதிரச் சிரித்தாள்.

ஃபோட்டோக்காரர் எங்களை நிற்கவைத்து எடுத்துவிட்டு, "கவலப்படாதிய, ஆல்பத்துல பளிச்சுன்னு ஆக்கிருதேன்" என்றார். "ஆக்கிப் பாருங்கண்ணே, அப்புறம் தெரியும்" என்றது எங்கள் வட்டம் முழுக்க, ஒரே குரலில்.

மூன்று நன்றி எழுத வேண்டும். என்னிடம் ஒரு சந்தேகம்தான் இருக்கிறது. அம்மா செம்பைக் கொடுத்தபோது நான் இரண்டு கையாலும் வாங்கினேனா, ஒரு கையாலா? எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை. நாளைக் காலையில் முதல் வேலையாக நானே காப்பி போட்டு, டம்ளரை அவளிடம் இரண்டு கையாலும் கொடுக்கப்போகிறேன். என்னட்டி புதுசா என்று கேட்பாள். கேட்கட்டும்.